என்ற வண்டிக்கு மீட்டர் வெச்ச கதை

தம்பி, சித்தெ மெதுவாவே போங்க. அவசரம் ஒண்ணும் இல்லீங்க. விருந்து மத்தியானந்தான். எங்க சனமெல்லாம் வெடியாலயே வேன்ல சோத்துச் சட்டிகளோட போயாச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி.

முன்னாடி உக்காந்துக்கிட்டேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. பின்னாடி உக்காந்தா எனக்கு ரோடு தெரியாதுங்க.  பாருங்க, இப்பக்கூட பிரேக்கு மிதிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். இந்தப் பக்கம் பிரேக்கு கெடையாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. காலுக்குத் தெரியோணுமல்ல.

ஏனுங்க, லாரிக்கு இம்புட்டுப் பக்கத்துலயா போறது? அவன் போகட்டும் உடுங்க. அவனுக்கென்ன, இரும்பு.

விருந்துங்களா? கட்டுச்சோறுங்க. என்ற புள்ள மேகலாவைச் சிங்காநல்லூர்ல குடுத்திருக்கறோம். மொதப் பிரசவம். நாங்க சோறு கட்டிக்கிட்டுப் போயி, சம்பந்தி ஊட்டுல எல்லாருக்கும் எலை போட்டு, அதோட புள்ளைய நம்மூட்டுக்குக் கூட்டியாறது. உங்க பக்கமும் உண்டல்லங்க? ஆமா. அதுல புள்ள அப்பன்காரன் வண்டீல வந்தாத்தானுங்க அதுக்கொரு அழகு. நான் பாருங்க, வாடகை வண்டீல போறேன். உங்களைச் சொல்லலீங்க. வண்டிய நெம்பச் சுத்தமா வெச்சிருக்கறீங்க.

என்றதும் கார்தானுங்க. வெள்ளை, சின்னது. மேகலாவுக்குக் காது குத்துன வருசம் வாங்குனது. இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்ல. என்ற காலைத் தவுத்து வேற எந்தக் காலும் அந்த ஆக்சிலேட்டர்ல பட்டதில்லீங்க. சர்வீசுக்கு உட்டாக்கூட நானே உள்ள கொண்டு போயி நிறுத்துவேன், நானே வெளிய எடுப்பேன். மச்சினன் ஒருத்தன் ஓட்டிப் பாக்கறேன், ஓட்டிப் பாக்கறேன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி சொந்தமாவே ஒண்ணு வாங்கிட்டான்.

நான் பதனமா ஓட்டறவனுங்க. எனக்குக் கத்துக்குடுத்த டிரைவிங் ஸ்கூல்காரரு மொத நாளே சொன்னாரு, "ஆக்சிலேட்டரை லேசா அமுத்துனா ஒரு எடத்துல காலுக்குத் தட்டும், அதோட நிறுத்திக்குங்க, அதுக்கு மேல உங்களுக்கு வேண்டாம்"னு. மத்தவங்களுக்கு என்ன சொன்னாரோ தெரியாது. எனக்கு அதைச் சொன்னாரு. நானும் அந்த எடத்தைத் தாண்டுனதே இல்லீங்க. தாண்ட அங்க ஒண்ணும் இல்லியே, அதான் முடிவு.

ஊருல கேலி பேசாத ஆளில்ல. என்ற ஊட்டுக்காரி தெய்வானையே சொல்லுவா, "ஓடற வண்டீல இருந்து எறங்கி, கொத்தமல்லி வாங்கிப் போட்டு, மறுக்கா ஏறிக்கலாம்"னு. சொல்லீட்டுப் போறா. என்ற வண்டீல அவ தலைமசுரு ஒண்ணு கலைஞ்சதுண்டான்னு கேளுங்க.

ஆனா சம்பந்தி சொன்னாரு பாருங்க, அது நெஞ்சுல நிக்குதுங்க. கட்டுச்சோத்துக்கு நாள் குறிக்கப் போயிருந்தோம். கூடம் நெறையச் சனம். நான் சாதாரணமாத்தான் சொன்னேன், "விருந்து முடிஞ்சதும் நம்ம கார்லயே மேகலாவைக் கூட்டிட்டுப் போயிருவோமுங்க"ன்னு. அந்த மனுசன் காப்பி டம்ளரை வெச்சுப்போட்டுச் சொல்றாரு, "மச்சான், உங்க வண்டீல புள்ளத்தாச்சிய ஏத்துனா, ஊடு போயிச் சேர்றதுக்குள்ள கொழந்தை பொறந்து, நடந்து எறங்கீருமுங்க!" கூடமே சிரிச்சுதுங்க. மாப்பிள்ளை குனிஞ்சுக்கிட்டு சிரிக்கறாரு. சரி, அவங்க ஊட்டு ஆளுக. தெய்வானையும் சிரிக்கறா. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க. மேகலா மட்டுந்தான் சிரிக்கல. "எங்கப்பா கூடத்தான் நான் போவேன்"னுச்சு. அவ்வளவுதானுங்க, எனக்கு அது போதும். இந்தப் புள்ளைய என்ற வண்டீலதான் கூட்டியாரோணும்னு அங்கியே முடிவு பண்ணிப்போட்டேன்.

அங்கிருந்து திரும்பி வரையில ஆரம்பிச்சுதுங்க கெரகம். வண்டி நொண்டுது. நல்லாப் போய்க்கிட்டே இருக்கும், திடுக்குன்னு ஒரு குலுக்கு. அப்பறம் செரியாப் போகும். மறுபடி குலுக்கு. சிக்னல்ல நின்னா, குளுருல நடுங்கற கணக்கா நடுங்குது. பின்னாடி பொகைபோக்கீல "பொட், பொட்"டுன்னு சத்தம். தெய்வானை, "சம்பந்தி சொன்னது வண்டிக்குக் கேட்டுப் போச்சாட்டக்குது, ரோசம் வந்துருச்சு"ங்கறா. எனக்கு எப்பிடியிருக்கும் பாருங்க.

மக்யா நாளு நேரா நாச்சிமுத்துகிட்டப் போனேன். நாச்சிமுத்து எங்கூரு மெக்கானிக்கு. என்ற கூடப் படிச்சவன். சத்தக்காரன். வாயத் தொறந்தா தாராபுரத்துக்குக் கேக்கும். தொழிலு தெரியும், இல்லைன்னு சொல்லல. ஆனா தனக்குத் தெரியுங்கறது அவனுக்கு அதைவிட நல்லாத் தெரியுமுங்க. பானெட்டைக்கூடத் தொறக்கல. பீடியப் பத்த வெச்சுக்கிட்டே, "மிஸ்ஸிங் அடிக்குதுடா வெள்ளியங்கிரி. ஒரு பிளக்கு தூங்குது. மாத்தீட்டாப் போச்சு"ங்கறான்.

"எப்பிடிரா சொல்ற?"

"காது இருக்குதல்ல."

காதாமுங்க! தம்பி, உங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. எங்கூரு பால் சொசைட்டீல முப்பது வருசம் பாலுக்கு மீட்டர் வெச்சவன் நான். லாக்டோமீட்டரு. பால்ல போட்டா மெதக்கும், தண்ணி கலந்திருந்தா அமுங்கும். வாய்ச் சொல்லுக்கு அங்க எடமே கெடையாது. "மாட்டுக்குச் சீக்குங்க", "மழைல நனைஞ்சுதுங்க", "நேத்து வேற தீவனம் போட்டோமுங்க"ன்னு வந்து நிப்பாங்க. எல்லாருக்கும் ஒரு கதை இருக்குமுங்க. மீட்டருக்குக் கதை கெடையாது. மீட்டரு என்ன சொல்லுதோ அதுதான். என்ற மாமனாரு பாலையே திருப்பி அனுப்பியிருக்கறேன். அந்தத் தீவாளிக்கு எனக்குச் சட்டை வரல.

அந்த எங்கிட்ட வந்து காதுங்கறான். நான் சொன்னேன், "நாச்சி, இந்த வேலை ஆகாது. எஞ்சினுக்கு மீட்டர் வெச்சுப் பாக்கற பரீட்சை ஒண்ணு இருக்குதாமா. மாப்பிள்ளை செல்போன்ல காமிச்சாரு. கம்ப்ரஷன் பாக்கறதுன்னு. அதைப் பண்ணு."

"பிளக்கு மாத்தறதுக்கு எதுக்குடா கம்ப்ரஷனு? தலைவலிக்கு வகுத்தைக் கிழிக்கச் சொல்ற."

"மீட்டரு வெக்கறியா, நான் வேற எடம் பாக்கட்டுமா?"

வெச்சானுங்க. மொணகிக்கிட்டேதான் வெச்சான். நாலு பிளக்கையும் கழட்டி வெளிய எடுத்துப்போட்டான். தீப்பொறி வர்ற ஒயரைப் புடுங்கிட்டான். பெட்ரோலு வர்றதையும் நிறுத்திப்போட்டான். பிளக்கு இருந்த ஓட்டைல ஒரு குழாயத் திருகி, குழா முனைல வட்டமா ஒரு மீட்டரு. முள்ளு இருக்குது, நம்பர் இருக்குது. பாத்ததும் எனக்கு அப்பிடியொரு திருப்திங்க. எங்கிட்ட விளக்கமாச் சொன்னான், "உள்ள பிஸ்டனு காத்தை எவ்வளவு நெருக்குதுன்னு இது காட்டும். எஞ்சினுக்குப் பலம் இருந்தா முள்ளு நூத்தம்பதைத் தாண்டி நிக்கும். ஓட்டை ஒடசல் இருந்தா ஏறாது. நீ உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுப் புடிச்சுக்கிட்டுச் செல்ப் அடி. முழுசா மிதிச்சாத்தான் காத்துப் போற வழி தொறக்கும். வழி தொறக்கலைன்னா, நெருக்கறதுக்கு உள்ள காத்தே இருக்காது. வெளங்குச்சா?"

வெளங்குச்சுங்க. இதுல வெளங்காததுக்கு என்ன இருக்குது? உக்காந்தேன். காலைத் தட்டற எடம் வரைக்கும் கொண்டு போயி, நல்லா அப்பிடியே புடிச்சுக்கிட்டு, சாவியத் திருப்புனேன். நாச்சிமுத்து பானெட்டுக்குள்ள தலைய உட்டுக்கிட்டு நிக்கறான். அவன் பொடனிதான் எனக்குத் தெரியுது.

"எவ்வளவுடா?"

மீட்டரை வெரலால தட்டற சத்தம் கேட்டுது. "எம்பது"ன்னான்.

ரெண்டாவது ஓட்டை, எம்பது. மூணாவது, அதே. நாலாவதுக்கு ஒரு பொட்டுக் கூட, அவ்வளவுதான்.  அவன் ஒவ்வொரு ஓட்டைலயும் சித்தெ ஆயிலை ஊத்தி மறுபடி பாத்தான். பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங்கு தேஞ்சிருந்தா, ஆயிலு ஊத்துனதும் முள்ளு மேல ஏறுமாமா. பேருக்குக் கொஞ்சம் ஏறுச்சு, படுத்துக்கிச்சு.

"மிதிச்சியாடா?"

"மிதிச்சேன்."

"முழுசா?"

"முழுசாத்தாண்டா. நான் என்ன பச்சக் கொழந்தையா?"

நாச்சிமுத்து தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். "இல்லடா. இது இடிக்குது. நாலும் சொல்லி வெச்ச கணக்கா ஒரே அளவா இருக்குது. எஞ்சின் கெட்டா ஒண்ணு மொதல்ல போகும், பக்கத்துல இருக்கறது அப்பறம் போகும். நாலும் ஒரே நாள்ல கெடாது. இந்த மீட்டரு சரியில்ல. உடுமலைல இருந்து வேற மீட்டரு வாங்கியாறேன், நாளைக்கு வா"ன்னான்.

அங்கதாங்க எனக்குக் கோவம் வந்துது. மீட்டரு சரியில்லியாமா! இந்த வார்த்தைய எத்தனை பேரு வாயில கேட்டிருக்கறேன் தெரியுங்களா? முப்பது வருசமா வரிசைல நின்னு இதையேதான் சொல்லுவாங்க. மீட்டரைக் குத்தஞ் சொல்றவன் பால்ல தண்ணி இருக்கும். நான் இதை அவன்கிட்டயே சொன்னேன். "நாலும் ஒரே அளவா எப்பிடிக் கெடும்னு கேக்கறியே, ஒரே ஊட்டுல நாலு மாடு கறந்தா தண்ணிய ஒரே அளவாத்தாண்டா கலக்கறாங்க. எஞ்சின் போயிருச்சு. வருசா வருசம் நீதான் சர்வீஸ் பண்ணுன. உன்ற தப்பு வெளிய வந்துரும்னுதான மீட்டரைக் கொறை சொல்ற?"

அவன் மொகம் செவந்து போச்சுங்க. பழைய பிளக்கு நாலையும் திருப்பி மாட்டிப்போட்டு, ஸ்பேனரைத் தூக்கி மூலைல எறிஞ்சான். "போடா. போயி உன்ற மீட்டரைக் கட்டிக்கிட்டு அழு. இனி இந்தப் பக்கம் வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தீன்னா கல்லெடுத்து அடிப்பேன்"னான். பழகுன பழக்கத்துக்கு என்ன பேச்சு பேசறான் பாருங்க. நான் என்ன தப்பாச் சொல்லீட்டேன்? நியாயத்தைத்தான சொன்னேன்?

அட, ஏனுங்க இவ்வளவு சத்தமா ஏத்தறீங்க? மேடு சின்னதுதானுங்க.

அப்பறம் பொள்ளாச்சி பைபாஸ்ல புதுசா ஒரு ஒர்க்‌ஷாப் தொறந்திருக்கறாங்கன்னு அங்க போனேன். வழி முச்சூடும் நொண்டிக்கிட்டே போச்சுங்க. நல்ல எடம். சட்டைல பேரு தெச்சுப் போட்டிருந்தாங்க. உக்கார ஏசி ரூம்பு. "நீங்க ரெஸ்ட் எடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்"னாங்க. பாத்துக்கறாங்களாமுங்க! டிரைவர் சீட்டுல ஒருத்தரு ஏற வந்தாரு. நான் கதவைப் புடிச்சுக்கிட்டேன். "என்ற வண்டி ஆக்சிலேட்டர்ல வேற காலு படறதில்லீங்க. நீங்க மீட்டரைப் பாருங்க, நான் மிதிக்கறேன்"னேன். ஒருத்தர மொகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வயசான ஆளு, சண்டை எதுக்குன்னு உட்டுட்டாங்க.

அங்க மீட்டரு இன்னும் ஒசத்தி. முள்ளெல்லாம் கெடையாது, நம்பரே எரியும். "பெடலை புல்லாப் புடிச்சுக்குங்க சார்"ன்னாங்க. புடிச்சேன். திருப்புனேன். என்ன காட்டுச்சுங்கறீங்க? எம்பது. நாலும் எம்பது! ஒரு நிமிசம் எனக்கு வெசனத்தை மீறிச் சந்தோசமே வந்துருச்சுங்க. நாச்சிமுத்து இருந்திருக்கோணும் அங்க. வேற ஊரு, வேற ஆளு, வேற மீட்டரு. சொல்லு ஒண்ணுதான்.

அப்பறந்தான் அவங்க கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. எஞ்சினை எறக்கி வேலை பாக்க ஆகற காசுக்கு, இதே மாதர பழைய வண்டி இன்னொண்ணு வாங்கிப் போடலாம்.  அந்த நேரத்துல இன்னொரு கொள்ளை கேளுங்க, கழட்டுன பிளக்கு நாலையும் தூக்கிப் போட்டுட்டு, புதுசா நாலு மாட்டி பில்லுல சேத்திருக்கறாங்க. பொணத்துக்குப் புதுச் செருப்புப் போடற கணக்கா! "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாங்களா சார்"னு வேற கேக்கறாங்க. வேண்டாமுன்னுட்டேன். போற உசுரை எதுக்குங்க இம்சை பண்றது? டிராக்டரை வரச் சொல்லி, கட்டி இழுத்துக்கிட்டு ஊடு வந்து சேந்தேன். அதுலருந்து அதை ஸ்டார்ட்டே பண்ணல.

இன்னிக்குப் பொழுதோட கோயமுத்தூர்ல இருந்து பழைய வண்டி ஒடைக்கறவரு லாரியோட வர்றாரு. பேசி முடிச்சாச்சு. சாவிய பக்கத்தூட்டு ராஜாமணியக்காகிட்டக் குடுத்துட்டு வந்திருக்கறேன். நான் பாக்கக் கூடாதுங்க. நாங்க புள்ளையோட ஊடு திரும்பறப்ப அந்த எடம் காலியா இருக்கோணும். வேன்ல போகாம நான் ஏன் பின்தங்குனேங்கறீங்க? டேஷ்போர்டுல ஒட்டியிருந்த முருகனைப் பேத்தெடுக்கத்தான். பசை உடவே இல்லீங்க. அந்த வண்டிக்குள்ள தனியா உக்காந்து, ஸ்க்ரூ டிரைவரை வெச்சு நோண்டிக்கிட்டே அழுதேன். இத்தனை வருசத்துல அதை நான் ஒரு வார்த்தை அதட்டுனதில்லீங்க. இருந்தும் போயிருச்சு. சம்பந்திகிட்ட வண்டி சர்வீசுக்கு உட்டிருக்குதுன்னு சொல்லிக்கலாம். மேகலாகிட்ட என்னன்னு சொல்றதுங்க?

என்ன கேட்டீங்க?

மிதிச்சேனாவா? அதைத்தான சொன்னேன். மிதிச்சேனுங்க. நாச்சிமுத்துகிட்டயும் மிதிச்சேன், பைபாஸ்லயும் மிதிச்சேன். முழுசாத்தான். நீங்களுமா?

எது வரைக்கும்னா? தட்டற வரைக்கும். காலுக்குத் தட்டுமல்லங்க, லேசா, ஒரு விரக்கடை போனதும். அங்க வரைக்கும்.

ஏனுங்க வண்டிய ஓரங்கட்டறீங்க? கிணத்துக்கடவே இன்னும் தாண்டல. டயருல காத்து இல்லீங்களா?

எறங்கவா? எதுக்கு? உங்க சீட்டுலயா? ஐயோ வேண்டாமுங்க, அடுத்தவங்க வண்டி. சரி சரி, எஞ்சினைத்தான் நிறுத்தி வெச்சிருக்கறீங்கல்ல. நீங்க சொல்றீங்கன்னு உக்கார்றேன். இதென்னுங்க வெளையாட்டு, வழில போறவங்க பாக்கறாங்க.

சரி. வெச்சுட்டேன் காலை. மிதிக்கறேன். ம், தட்டுது பாருங்க. இதுதான். சொன்னேனல்ல.

இன்னுமா? இன்னும் எங்கீங்க போறது? ஒடஞ்சு போயிரும். நான் பொறுப்பில்லீங்க அப்பறம். சரி, அமுத்தறேன்.

அட.

தம்பி, இது போய்க்கிட்டே இருக்குதுங்க.

இன்னும் போகுதுங்க. இருங்க, இருங்க. அடேயப்பா, கீழ தரை வரைக்கும் போயி ஒக்காந்துருச்சு. இம்புட்டும் பெடலாங்க? இது உங்க வண்டீல மட்டும் கூடுதலா வெச்சிருக்கறாங்களா? எல்லா வண்டீலயுமா? என்ற வண்டீலயுமா?

மறுபடி ஒருக்கா மிதிச்சுப் பாக்கறேன். ... ஆமாங்க.

சித்தெ நேரம் இப்பிடியே உக்காந்திருக்கலாமுங்களா? ஒண்ணுமில்ல. தண்ணி இருந்தாக் குடுங்க.

போனு பண்ணோணும். நாச்சிமுத்துக்குத்தான். அவன் எடுக்க மாட்டானுங்க. கல்லெடுத்து அடிப்பேன்னவன். எடுக்க மாட்டான். பாருங்க, ரிங்கு போய்க்கிட்டே இருக்குது, எடுக்கவே... அலோ? நாச்சி? நாந்தாண்டா. வெள்ளியங்கிரி. வெச்சுராத, வெச்சுராத. சண்டைக்கில்ல. கேளு. ராஜாமணியக்காகிட்டச் சாவி இருக்குது. நீ போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணு. பண்ணேன், சொல்றேன். ஆமா, நீதான். உன்ற காலுதான். நான் சொல்லித்தாண்டா நீ மிதிக்கற, அப்பறமென்ன? போனைக் காதுலயே வெச்சுக்க.

நடக்கறானுங்க. மூச்சு வாங்குது. ராஜாமணியக்காவை அதட்டறான். கதவு சத்தம் கேக்குது.  இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

நாச்சி, மிதி. இல்லடா, அது பத்தாது. தரையோட மிதி.

கேக்குதுங்களா?

தம்பி, இது என்ற வண்டிங்களா? இத்தனை வருசம் நான் ஓட்டுன வண்டிக்குள்ள இப்பிடியொரு சத்தம் இருந்துச்சுங்களா? எங்கீங்க நொண்டுது? எங்கீங்க பொட்டு பொட்டுங்குது? சிங்கங் கணக்கால்ல இருக்குது! கண்ணுல தண்ணி வருதுங்க, கண்டுக்காதீங்க. இத்தனை நாளும் அதை அரை வகுறாவே வெச்சிருந்திருக்கறேனுங்க.

நாச்சி, டேய், ஒடைக்கறவருக்கு நான் போன் பண்ணி வர வேண்டாமுன்னு சொல்லீர்றேன். நீ வண்டிய எடுத்துக்கிட்டு கிணத்துக்கடவு வா. கோயிலுக்கு இந்தப் பக்கமே ரோட்டோரம் நிக்கறேன். ஆமா, நீயே ஓட்டிக்கிட்டு வா. ஆமாங்கறேன். மேகலாவைக் கூட்டியாரோணும்டா.

வெச்சுட்டான். வர்றானாமுங்க.

வாங்க, அந்தக் கடைல டீ குடிக்கலாம். அண்ணா, ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி. உங்களுக்கு வேற எதாச்சும் வேணுங்களா? வாடகைய முழுசாக் குடுத்தர்றேனுங்க, அதுல ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. ரெண்டு மீட்டரு. ஒண்ணு முள்ளு, ஒண்ணு நம்பரு. ரெண்டும் ஒத்த மாதரயே பொய் சொல்லியிருக்குது பாத்தீங்களா? நான் நம்புனேன். மீட்டராச்சேன்னு நம்புனேன்.

பெடலு முழுசாப் போகலைன்னா மீட்டரு கம்மியாக் காட்டுமா? அதான் நாச்சியும் சொன்னான். அது செரீங்க. காத்து உள்ள வரலைன்னா, காத்து வரலைன்னு மீட்டரு சொல்லோணுமல்ல? எஞ்சின் செத்துப் போச்சுன்னு எப்பிடிச் சொல்லலாம்? வாயில்லாத வண்டி மேல வீண்பழி.

டீ நல்லாருக்குதுங்க.

அந்த ஸ்கூல்காரரையும் சொல்லோணும். அவரு போய்ச் சேந்து நாளாச்சு, யாரைக் கேக்கறது?

அட, அங்க வர்றது யாருங்க? வெள்ளையா? அதுக்குள்ளயா! நான் ஓட்டுனா இந்நேரம் எங்கூரு எல்லையே தாண்டியிருக்காது. எப்பிடி வருது பாருங்க, வழுக்கிக்கிட்டு! ஒரு குலுக்கல் இல்ல. பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க, அது என்ற வண்டி.

வா நாச்சி. டீ குடிக்கறியா? வேண்டாமா? செரி. பிளக்கு நாலும் புதுசான்னு கேக்கறியா? ஆமா, பைபாஸ்காரங்க மாட்டி உட்டது, அதுக்கென்ன இப்ப? இல்லடா, சாவிய நீயே வெச்சுக்க. நீயே ஓட்டு. போறப்பவும் நீதான், புள்ளைய ஏத்திக்கிட்டுத் திரும்பறப்பவும் நீதான். சம்பந்தி வாசல்ல கொண்டு போயி நிறுத்தறப்ப அந்தச் சத்தத்தை ஒருக்கா கேக்க வெச்சிரு, அவ்வளவுதான். நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். ஏண்டா என்னைய அப்பிடிப் பாக்கற? மீட்டரு செரியில்லைன்னு சொன்னியல்ல, நீ சொன்னதுதாண்டா செரி. நானும் ஒத்துக்கறேன். மீட்டருதான் தப்பு.

ஏண்டா சிரிக்கற? தம்பி, டீயக் கீழ கொட்டிப் போட்டு நீங்க எதுக்குங்க சிரிக்கறீங்க?